பத்து மணி ஜூஸ்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் சிறுநீரகங்களை யாரும் கெடுக்கவில்லை. நானே என் கையால், என் வீட்டு மிக்ஸியில் அரைத்துக் குடித்துக் கெடுத்துக்கொண்டேன். இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே பம்மலில் என்னைப் பற்றி ஓடிக்கொண்டிருக்கும் மூன்று கதைகள்தான். முப்பது நோன்பும் வைத்ததால் கிட்னி போயிற்று என்பது ஒன்று. பெருநாள் பிரியாணியை ஒரு பிடி பிடித்ததால் என்பது இன்னொன்று. கண்ணேறு என்பது மூன்றாவது. முதல் கதையில் கால்வாசி உண்மை உண்டு, அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன். மற்ற இரண்டும் சுத்தப் பொய். கண் போடும் அளவுக்கு என்னிடம் இருந்தது ஒரு தையல் மெஷினும் கொஞ்சம் வாய்த்துடுக்கும்தான்.

என் பெயர் மெஹருன்னிசா. வயது ஐம்பத்தொன்று. வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறேன். என் வீட்டுக்காரர் காதர், தோல் பை செய்யும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். மகள் ரிஸ்வானாவைப் படப்பையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். எட்டு மாதங்களுக்கு முன்னால் எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று சொன்னார்கள். அன்றைக்கு ராத்திரியே செல்போனில் தேட ஆரம்பித்துவிட்டேன்.

அங்கேதான் அந்தச் சொல் என்னைப் பிடித்தது: ஆன்டிஆக்ஸிடன்ட். நாம் சுவாசிக்கிற ஆக்ஸிஜனே உடம்பைத் துருப்பிடிக்க வைக்கிறது, அந்தத் துருவைத் தடுப்பது நிறமுள்ள காய், கனி, கீரை என்று வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் பேசினார். எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வாழைப்பூவை நறுக்கினால் கறுத்துப்போகிறது. மோரில் போட்டால் வெள்ளையாக நிற்கிறது. நாற்பது வருடமாக அடுப்படியில் செய்வதற்கு இப்படி ஒரு பெரிய பெயர் இருக்கிறதே என்று பெருமையாகக்கூட இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நான் மெஹர் இல்லையே. பாலக் கீரை பச்சையாக ஒரு கட்டு, அரை பீட்ரூட், நாலு நெல்லிக்காய், ஒரு கைப்பிடி பாதாம், ஒரு மூடி எலுமிச்சை. காய்ச்சல் காலத்தில் வாங்கி மிச்சமிருந்த ஆரஞ்சு நிற வைட்டமின் சி மாத்திரையில் இரண்டைப் பொடித்துப் போட்டால் இன்னும் ‘பவர்’ என்று நானே கண்டுபிடித்தேன். மாத்திரை தீர்ந்ததும் மருந்துக்கடையில் அட்டை அட்டையாக வாங்கினேன். ‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்று தையல் கற்க வரும் பெண்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். எனக்கு நான் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு மாதத்தில் என் முன்னறை ஜூஸ் கடை மாதிரி ஆகிவிட்டது. காலை பத்து மணிக்கு, வீட்டு வேலை முடித்து, ஐந்து பேர் வந்துவிடுவார்கள். எங்கள் தெருக்காரர்கள் மூன்று பேர். பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற கீதா டீச்சர். ஐந்தாவது ஆள் தனம். பிறந்தது கோவளம் குப்பம், வாக்கப்பட்டது பம்மல். விடியற்காலையில் கோவளத்தில் மீன் எடுத்து, பஸ்ஸில் கொண்டுவந்து, எங்கள் தெரு முனையில் விற்றுவிட்டு, மீன் கை கழுவிக்கொண்டு வந்து உட்காருவாள். டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “அக்கா, இது வயிறா இல்ல காய்கறி மார்க்கெட்டா?” என்பாள். காசு வாங்க மாட்டேன். அதனால் எல்லோரும் எனக்கு வாழ்த்துதான் தந்தார்கள். அந்த வாழ்த்துக்கு நான் மயங்கித்தான் போயிருந்தேன்.

நோன்பு வந்தது. விடியலுக்கு முன்னால் சஹர் நேரத்தில் சோறு சாப்பிட்டால் மந்தமாக இருக்கிறதென்று, ஒரு சொம்பு ஜூஸோடு நிறுத்திக்கொண்டேன். பகலெல்லாம் தண்ணீர் இல்லை. நோன்பு துறந்ததும் வீட்டில் எல்லோரும் கஞ்சி குடிக்க, நான் இன்னொரு சொம்பு ஜூஸ். ஜூஸிலேயே தண்ணீர் இருக்கிறதே என்று தனியாகத் தண்ணீரும் அவ்வளவாகக் குடிக்கவில்லை. நாற்பது வருடம் நோன்பு வைத்தவள், கஞ்சியை விட்டுக் கீரைத் தண்ணீரைக் குடித்தது இந்த ஒரு வருடம்தான்.

பெருநாள் முடிந்த ஐந்தாம் நாள் வாந்தி. சோற்று வாசனையே ஆகவில்லை. கால் வீங்கி, செருப்புப் பட்டை அச்சு பதிந்தது. சிறுநீர் ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் சொட்டு. பிரியாணிதான் என்று தெரு டாக்டர் வாயு மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாள் அவருக்கே சந்தேகம் வந்து ரத்தம் எடுக்கச் சொன்னார். ரிப்போர்ட்டைப் பார்த்தவர் என்னிடம் பேசவில்லை, என் வீட்டுக்காரரைப் பார்த்து, “உடனே தாம்பரம் கூட்டிட்டுப் போங்க, ஆட்டோல போங்க, பஸ்ல வேணாம்” என்றார்.

கிரியாட்டினின் என்பது தசை வேலை செய்வதால் ரத்தத்தில் சேரும் கழிவு. நல்ல சிறுநீரகம் அதைத் துடைத்து வெளியே தள்ளிவிடும். சாதாரணமாக ஒன்றுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியது, எனக்கு ஏழரை. ஏழரைச் சனி கேள்விப்பட்டிருக்கிறேன், ஏழரைக் கிரியாட்டினின் அன்றைக்குத்தான் கேட்டேன். ஆஸ்பத்திரியில் சேர்ந்த சாயங்காலமே கழுத்தில் ஒரு குழாய் வைத்து டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள். உடம்பு ரத்தத்தை ஒரு மெஷின் வழியாக ஓடவிட்டு, கழிவை நீக்கி, திரும்ப உடம்புக்குள் விடுவதுதான் டயாலிசிஸ். நாலு மணி நேரம். வலி பெரிதாக இல்லை. ஆனால் என் ரத்தம் எனக்கு வெளியே சுற்றுவதைப் படுத்துக்கொண்டே பார்க்கிறபோது பயந்தேன். நன்றாகவே பயந்தேன். இதை மறைக்க என்ன இருக்கிறது?

பக்கத்துக் கட்டிலில் மூன்று வருடமாக வாரம் மூன்று தடவை வருகிற ஒரு அம்மா இருந்தார். “பழகிடும் மா” என்று அன்பாகத்தான் சொன்னார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பழக மாட்டேன் என்று மனசுக்குள் சொன்னேன். இந்த மெஷினோடு குடித்தனம் நடத்த நான் வரவில்லை.

சிறுநீரக மருத்துவர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும், பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. “ஸ்கேன்ல கிட்னி ரெண்டும் நல்ல சைஸ்ல இருக்கு. பல வருஷமா கெட்டுப்போன கிட்னின்னா சுருங்கியிருக்கும். இது திடீர்னு வந்தது. நாட்டு மருந்து, லேகியம், வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா?”

“அல்லாஹ்மேல ஆணையா ஒண்ணும் இல்ல டாக்டர்.”

என் வீட்டுக்காரர் பெருமையாக முன்னால் வந்தார். “இவ ரொம்ப ஹெல்தி டாக்டர். டீகூட விட்டுட்டா. தினம் கீரை ஜூஸ்தான்.”

டாக்டர் பேனாவை மூடினார். “என்ன ஜூஸ்? எவ்வளவு? எத்தனை நாளா?”

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாத்திரையைச் சொன்னபோது அவர் புருவம் சுருங்கியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. “கீரை சாப்பிட்டா கிட்னி போகுமா டாக்டர்? அப்ப எங்க ஊர்ல யாருக்குமே கிட்னி இருக்கக் கூடாதே!” என்று எகிறினேன். கழுத்துக் குழாய் இழுத்து வலித்தது. அவர் சண்டைக்கு வரவில்லை. பயாப்ஸி செய்து பார்த்துவிடலாம் என்றார்.

பயாப்ஸி என்றால் முதுகு வழியாக ஊசி செலுத்தி, சிறுநீரகத்திலிருந்து நூல் அளவுக்குச் சதை எடுத்துப் பார்ப்பது. குப்புறப் படுத்து, சொல்லும்போது மூச்சைப் பிடிக்க வேண்டும். அப்புறம் பல மணி நேரம் மல்லாந்து அசையாமல் கிடக்க வேண்டும். அசையாமல் கிடப்பதுதான் எனக்குப் பெரிய தண்டனை. ரிஸ்வானா வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தாள். எனக்குத் தண்ணீர் அளவு வைத்திருந்தார்கள், ஒரு நாளைக்கு மொத்தமே அரை லிட்டர்தான். அவள் ஐஸ் கட்டியைச் சின்னத் துணியில் சுற்றி என் உதட்டில் வைப்பாள். என் வீட்டுக்காரர் என் கண் முன்னால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. தாகம் எடுத்தால் நாலு மாடி இறங்கிப் போய்க் குடித்துவிட்டு வருவார். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

“எல்லாரும் தண்ணி கேட்டுச் சண்டை போடுவாங்க, நீங்க கேக்கவே மாட்றீங்களே?” என்று நர்ஸ் பெண் ஆச்சரியப்பட்டாள். “நாப்பது வருஷமா நோன்பு வைக்கிறவ மா. தாகத்துக்கு என்னைத் தெரியும்” என்றேன். பம்மலில் நோன்பைக் குறை சொல்கிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆறாம் நாள் காலை ரிசல்ட் வந்தது. டாக்டர் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். சிறுநீரகத்தின் நுண்குழாய்களுக்குள் ஆக்ஸலேட் படிகங்கள், பொடி உப்பு மாதிரி, அடைத்துக்கொண்டிருக்கின்றன.

“அந்த வீடியோல சொன்னது பொய்யில்லைம்மா,” என்றார். “சாப்பாட்டை எரிச்சு சக்தி எடுக்கும்போது, தாளிக்கிற எண்ணெய் தெறிக்கிற மாதிரி, சில துகள் தெறிக்கும். அது செல்லைப் பொசுக்கும். வயசு, சர்க்கரை, புகை, இதெல்லாம் தெறிப்பைக் கூட்டும். அதைத் தணிக்க உடம்பே ஆள் வச்சிருக்கு. கலர் கலரா காய், பழம், கீரை, பருப்பு சாப்பிட்டா அந்த ஆளுங்களுக்குத் துணை கிடைக்கும். தினம் கொஞ்சம், பலவிதமா, சாப்பாடா. அதுதான் காப்பு.”

“அப்ப நான் என்ன தப்பு செஞ்சேன்?”

“பாலக், பீட்ரூட், பாதாம், மூணுலயும் ஆக்ஸலேட் அதிகம். கீரையை வேகவச்சுத் தண்ணிய வடிச்சா பாதி போயிடும். தயிரோட சாப்பிட்டா அதுல இருக்கிற கால்சியம் மிச்சத்தைக் குடல்லயே பிடிச்சு வெளிய தள்ளிடும். நீங்க பச்சையா, சொம்பு சொம்பா, தயிர் சோறு எதுவும் இல்லாம இறக்கியிருக்கீங்க. மேல வைட்டமின் சி மாத்திரை. உடம்புக்கு மிஞ்சின வைட்டமின் சியும் ஆக்ஸலேட்டாதான் மாறும். அதையும் பகல் பூரா தண்ணி இல்லாத ஒரு மாசத்துல செஞ்சிருக்கீங்க. தண்ணி இருந்திருந்தா கொஞ்சம் அடிச்சிட்டுப் போயிருக்கும்.”

இதுதான் நான் சொன்ன அந்தக் கால்வாசி உண்மை. நோன்பின் மேல் குற்றமில்லை. நோன்பு துறந்தபின் குடிக்க வேண்டிய தண்ணீரைக் குடிக்காதவள் நான்.

“கிட்னி திரும்புமா டாக்டர்?”

“சிலருக்குத் திரும்பும். சிலருக்கு டயாலிசிஸ்தான். ரெண்டு வாரத்துல தெரியும்.” இனிப்புத் தடவாமல் சொன்னதற்காக அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அன்று சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் கீதா டீச்சரும் தனமும் வந்தார்கள். என் கழுத்தைப் பார்த்ததும் தனம் அழுதுவிட்டாள். அப்புறம் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்தாள்.

“இன்னாக்கா, இப்டி ஆயிட்டியே. இந்தா, நீ போடற மாதிரியே போட்டு எடுத்தாந்துகீறேன். நீ ரொம்ப டல்லா கீறன்னு சொன்னாங்க, மாத்திர நாலா சேத்துட்டேன். குடி, தெம்பு வரும்.”

மூடியைத் திறந்தாள். அந்தப் பச்சை வாசனை. என் வீட்டுக்காரர் பின்னால் நின்று, வாங்கி வைத்துக்கொள், அப்புறம் கொட்டிவிடலாம் என்று கண்ணால் ஜாடை காட்டினார். நானும் அதைத்தான் நினைத்தேன். காலையில் தெரிந்த செய்தியை இன்னும் நானே விழுங்கி முடிக்கவில்லை. ‘என் ஜூஸ்தான் என்னை இங்கே தள்ளியது’ என்று ஊருக்குக் குரு மாதிரி உட்கார்ந்திருந்தவள் எந்த வாயால் சொல்வாள்?

தனம் மேலும் சொன்னாள். “நீ இல்லன்னு நிறுத்தலக்கா. டீச்சர் வூட்டு மிக்ஸில நான்தான் அரைக்கிறேன். பத்து மணின்னா பத்து மணி. உன் பேர் சொல்லித்தான் குடிக்கிறோம்.”

என் பேர் சொல்லிக் குடிக்கிறார்களாம். ஃபிளாஸ்க்கை வாங்கி மூடினேன்.

“தனம், இதுதான் என் கிட்னிய அடச்சுது. டாக்டர் சதைய எடுத்துப் பாத்துச் சொல்லிட்டாங்க. இன்னையோட நிறுத்துங்க. எல்லாரும் போய் கிரியாட்டினின் டெஸ்ட் எடுங்க.”

டீச்சர் சிரித்தார். அன்பான சிரிப்புதான். “மெஹர், டாக்டர்ஸ் அப்படித்தான் சொல்வாங்க. இயற்கையா விளையறது எப்படிப்பா கெடுக்கும்? எங்க அஞ்சு பேருக்கும் ஒண்ணும் ஆகலையே. உனக்கு நோன்புல உடம்பு வீக் ஆகியிருக்கும்.”

“அரளிக்கொட்டையும் இயற்கையாதான் விளையுது டீச்சர்! கீரை தப்பில்ல, நான் குடுத்த அளவு தப்பு. தெரியாம குடுத்துட்டேன். இப்ப தெரிஞ்சு சொல்றேன், கேளுங்க!”

குரல் உயர்ந்துவிட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள். டீச்சர் முகம் சிவந்து எழுந்தார். முப்பது வருடம் அறிவியல் எடுத்தவரிடம் ஜாக்கெட் தைக்கிறவள் கத்தினால் அப்படித்தான் இருக்கும். தனம் ஃபிளாஸ்க்கை விட்டுவிட்டு அவர் பின்னாலேயே போய்விட்டாள். ரிஸ்வானா அதைக் கொண்டுபோய்க் கழுவுதொட்டியில் ஊற்றினாள். “நல்லாதான் சொன்னம்மா நீ” என்றாள். எனக்கு அழுகை வந்தது.

அதன்பிறகு என் உலகம் ஒரு பிளாஸ்டிக் குடுவைக்குள் சுருங்கியது. சிறுநீரை அளந்து எழுத வேண்டும். முதல் நாள் நூறு மில்லி. மறுநாள் எண்பது. அன்றைக்குக் கழிவறைச் சுவரைப் பார்த்து, “நான் செஞ்ச தப்புக்குத் தண்டனை வாங்கிக்கிறேன், ஆனா தோத்துப் போக மாட்டேன்” என்று சத்தமாகவே சொன்னேன். நான்காவது டயாலிசிஸ் முடிந்த மறுநாள் முந்நூறு. அப்புறம் எழுநூறு. ஒரு நாள் காலையில் குடுவை நிரம்பி இன்னொன்று கேட்டேன். என் வீட்டுக்காரர் அந்தக் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு, பெருநாள் பிறை பார்த்தவர் மாதிரி நின்றார். பதினாறாம் நாள் கழுத்துக் குழாயை எடுத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது உணவு ஆலோசகர் ஒரு காகிதம் கொடுத்தார். முழுக்க ‘கூடாது’. “கூடாதுன்னு ஒரு பக்கம் எழுதியிருக்கீங்க. கூடும்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க, அப்பதான் எழுந்திருப்பேன்” என்று உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஜூஸ் கெடுத்ததென்று வாழ்நாள் பூரா காய்கறிக்குப் பயந்து சாக நான் தயாராக இல்லை. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுதினாள்: வேகவைத்து வடித்த முட்டைக்கோஸ், கேரட், அவரை, புடலை, ஒரு சின்ன ஆப்பிள், ரத்தப் பரிசோதனை நன்றாக ஆக ஆக மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம். இன்றைக்கு என் தட்டில் நாலு நிறம் இருக்கிறது. எல்லாம் கரண்டி அளவில், சோற்றுக்குப் பக்கத்தில். கிரியாட்டினின் இரண்டுக்குக் கீழே வந்துவிட்டது. ஒன்றுக்கு வருமா என்றால் டாக்டர் வாக்குக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. டீச்சர் வீட்டில் பத்து மணிக்குக் கூட்டம் நடப்பதாகக் காதுக்கு வந்தது. போனில் சொன்னேன், ‘பாத்துக்கறோம்’ என்றார்கள். அப்புறம் எடுக்கவே இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குத் தனம் வந்தாள். மீன் கூடை இல்லை. கையில் ஒரு காகிதம். நீட்டினாள். கிரியாட்டினின் ஒன்று புள்ளி எட்டு.

“எனுக்கு ஒண்ணுமே தெர்லக்கா. நல்லா சாப்புடறேன், நல்லா தூங்கறேன். நீ அன்னிக்குக் கத்துனது மனசுல குத்திகினே இருந்துச்சு. சரி, குடிக்கறத நிறுத்திட்டு டெஸ்ட்டு எடுத்துப் பாத்துருவோம்னு போனேன். பெரிய டாக்டரு பாத்துட்டு, ‘இப்ப நிறுத்துனியே, தப்பிச்ச. இன்னும் ஒரு மாசம் குடிச்சிருந்தா அந்தம்மா மாதிரிதான்’னுட்டாரு.”

காகிதத்தை இரண்டு தடவை படித்தேன். “என்னாலதான் தனம். என் கையால குடுத்தேன்.”

“ஆமா, உன்னாலதான்,” என்றாள். கொஞ்சமும் தயவு காட்டவில்லை. “குடுத்ததுக்கு உன்ன ரெண்டு போடணும் போல கீது. ஆனா வெக்கப்பட்டுகினு சொல்லாம மறச்சிருந்தியே வெச்சிக்கோ, வூடு பூந்து வெட்டியிருப்பேன். சரி, ஒப்பாரி அப்பறம் வெய்யி. மணி பத்தாவப் போவுது. அங்க நாலு பேரு டம்ளர் ஏந்திகினு உக்காந்துருப்பாளுங்க. எழுந்திரு.”

மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக என் வீட்டுக்காரர் நினைவூட்டினார். டீச்சர் வீடு இரண்டாவது மாடி. தனம் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள், இன்னொரு கையால் கைப்பிடிச் சுவரைப் பிடித்து ஏறினேன். பாதியில் ஒரு தடவை உட்கார்ந்தேன். கதவுக்கு வெளியிலேயே மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்டது. கழுத்தில் சுற்றியிருந்த துப்பட்டாவை எடுத்து, குழாய் இருந்த தழும்பு நன்றாகத் தெரியும்படி விட்டேன். அப்புறம் காலிங் பெல்லில் விரலை வைத்தேன். உள்ளே மிக்ஸி நிற்கும்வரை எடுக்கவில்லை.